ஏழாவது கருவி

எந்த வண்டியில் ஏறுவதாக இருந்தாலும் என் மாமா முதலில் அதை ஒரு சுற்று சுற்றி வருவார். நான்கு சக்கரங்களையும் காலால் தட்டுவார். விளக்குகளைப் பார்ப்பார். குனிந்து அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்ப்பார். அதன் பிறகுதான் ஏறுவார். பதினான்கு வருடம் லாரி ஓட்டியவர். லாரியை விட்டு நான்கு வருடம் ஆகியும் இந்தப் பழக்கம் போகவில்லை. வாடகைக் காரைக்கூடச் சுற்றி வருவார். ஒருமுறை அந்த டிரைவர் என் அக்காவிடம், "என்னம்மா, விலை பேசப் போறாரா?" என்று கேட்டுவிட்டார்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். லாரியின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு கூடிவிட்டது. ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங் முன்னால் உட்கார முடியவில்லை. அப்புறம்தான் மருந்துக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே மூன்று குளிர் அறைகள். குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்துகள் எல்லாம் அவற்றில்தான் இருக்கும். எந்தப் பெட்டி எந்தத் தட்டில் இருக்கிறது, எது முதலில் வெளியே போக வேண்டும் என்பதெல்லாம் மாமாவின் பொறுப்பு. வெளியே வெயில் கொளுத்தும்போது அவர் இரண்டு ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு நடமாடுவார். பள்ளியை முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்த என்னை அதே கிடங்கில் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

அவர் கம்ப்யூட்டருக்குக் கோட் எழுதக் கற்றுக்கொள்ள ஆரம்பித்ததற்கு யாரும் காரணம் இல்லை. குளிர் அறைகளில் புதிதாக ஒரு மெஷின் மாட்டினார்கள். அது மணிக்கு ஒரு தடவை வெப்பநிலையை அளந்து மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் அறைக்கு அனுப்பும். மாமா அதன் முன்னால் நின்று, "இந்தப் பெட்டி யாருகிட்ட என்னத்த சொல்லுது?" என்று கேட்டார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த எரிச்சலில்தான் ஒரு பழைய லேப்டாப்பை வாங்கி, இணையத்தில் இலவச வகுப்பு ஒன்றில் சேர்ந்தார். லாரி ஸ்டியரிங் பிடித்த விரல்கள். ஒரு எழுத்தை அழுத்தினால் பக்கத்து எழுத்தும் கூடவே வரும்.

அந்த வகுப்பின் கடைசிப் பாடம் ஒரு திட்டம். அடிக்கடி தேவைப்படும் சின்னச் சின்ன வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷன், அதாவது அந்த வேலையை மட்டும் செய்யும் சில வரி கோட், எழுத வேண்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து ஒரு குட்டி லைப்ரரி செய்ய வேண்டும். இன்னது கொடுத்தால் இன்னது வரும் என்று ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட்டும் எழுத வேண்டும். அதையெல்லாம் முடித்தால் சான்றிதழ். மாடியில் கம்ப்யூட்டர் அறையில் ஒரு இடம் காலியாக இருந்தது. பட்டம் இல்லாவிட்டாலும் முடித்த திட்டம் ஒன்றைக் காட்டினால் போதும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தார்கள். மாமா விண்ணப்பித்தார். நேர்முகத் தேர்வுக்கு ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்து அவருக்குக் கடிதமும் வந்தது. அந்தக் கடிதத்தை அவர் ஸ்வெட்டருக்குள் சட்டைப் பையில் வைத்திருந்தார். துவைக்கப் போடும்போதெல்லாம் அக்கா அதை எடுத்து அலமாரியில் வைப்பாள். மறுநாள் காலையில் அது மறுபடியும் பைக்குள் போய்விடும்.

"இவரு எந்நேரமும் ஃபங்ஷன் ஃபங்ஷன்னு சொல்றாரே, யாரு வீட்டு ஃபங்ஷன்? நமக்குப் பத்திரிகை வரலையே" என்று அக்கா கேலி செய்தாள். அதிலிருந்து மாமா அந்தச் சொல்லையே விட்டுவிட்டார். "கருவி" என்றார். லாரி சீட்டுக்கு அடியில் ஸ்பேனர், ஜாக்கி எல்லாம் போட்டு வைக்கும் பெட்டியை நினைத்து லைப்ரரிக்குக் கைப்பெட்டி என்று பெயர் வைத்தார்.

முதல் கருவி ஓரம்வெட்டி. எழுத்துகளுக்கு முன்னும் பின்னும் தெரியாமல் விழுந்த இடைவெளிகளை வெட்டி எறியும். இரண்டாவது கூறுபோடி. நூறு பெட்டியைத் தட்டுக்குப் பன்னிரண்டாகப் பிரித்துக் கொடுக்கும். மூன்றாவது இடைநாள். இன்றிலிருந்து காலாவதித் தேதிவரை எத்தனை நாள் என்று சொல்லும். இப்படிப் பன்னிரண்டு. எல்லாமே அவர் தினமும் கையால் செய்கிற வேலைகள்தாம்.

ஏழாவது காலிநீக்கி. அதைக் கேட்டு வாங்கியவள் நான்.

காலை அறிக்கை தயாரிப்பது என் வேலை. மூன்று அறைகளின் கடந்த இருபத்துநான்கு மணி நேர அளவுகளையும் பார்த்து, மிகக் குறைவானது எது, மிக அதிகமானது எது என்று எழுதி மேற்பார்வையாளரிடம் தர வேண்டும். இரண்டு டிகிரி முதல் எட்டு வரை இருந்தால் பச்சை. ஒன்று வந்தால் மஞ்சள், கவனித்துக்கொண்டு சரக்கை அனுப்பலாம். பூஜ்யத்தையோ அதற்குக் கீழேயோ தொட்டால் சிவப்பு. அந்த அறையிலிருந்து ஒரு பெட்டிகூட வெளியே போகக் கூடாது. உறைந்த மருந்து ஆளைக் கொல்லாது. ஆனால் காப்பாற்றவும் செய்யாது. ஊசி போட்டாச்சு என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், அவ்வளவுதான்.

நெட்வொர்க் அறுந்தால் அந்த மணி நேரத்துக்கு அளவு வராது, கட்டம் காலியாக இருக்கும். எங்கள் அலுவலகத்தின் பழைய அறிக்கை அந்தக் காலியைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு சிவப்பு அடிக்கும். உடனே மேற்பார்வையாளர் கத்துவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சைரன். "மறுபடியும் சிவப்பா! வேனை நிறுத்து! இறக்கு!" பெட்டிகளை இறக்கி எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகுதான் அது வெறும் காலி என்று தெரியும். வாரத்தில் மூன்று நாள் இதே கூத்து.

"மாமா, அந்தக் காலியை மட்டும் தூக்கிப் போடுற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்களேன்" என்று கெஞ்சினேன். ஒரு சாப்பாட்டு இடைவேளையில் எழுதிவிட்டார். அறிக்கைப் பக்கத்தையும் புதிதாகச் செய்து கொடுத்தார்.

"ஆனா இப்ப போடாத. இன்னும் டெஸ்ட் எழுதல. ஒரு சுத்து சுத்தி வந்து பார்க்கணும்" என்றார்.

"காலியைத் தூக்கிப் போடுறதுக்கு என்ன மாமா டெஸ்ட்டு? குப்பை கூட்டுறதுக்கு ரிகர்சல் பாப்பாங்களா?"

அவர் சிரித்தார். நான் அன்றே அலுவலகக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டேன். மறுநாள் அவருக்குத் தெரிந்தபோது அறிக்கை அருமையாக வேலை செய்துகொண்டிருந்தது. எடுத்துவிடு என்று அவர் சொல்லவில்லை. பதினெட்டு நாள் ஓடியது. சைரன் என்னைப் பார்த்து ஒருமுறை சிரித்தார். கம்ப்யூட்டர் அறையின் தலைவர் கீழே இறங்கி வந்து, "இதை யார் செஞ்சது?" என்று கேட்டுவிட்டு, மாமாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இரண்டு ஸ்வெட்டரையும் சேர்த்துத்தான்.

பதினெட்டாவது நாள் புதன்கிழமை. நேர்முகத்துக்கு இன்னும் இரண்டு நாள்.

மதியம் ஒரு மணி. காலிப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் பின்னறையில்தான் நாங்கள் சாப்பிடுவோம். மாமா ஆறு கருவிகளுக்கு டெஸ்ட் எழுதி முடித்திருந்தார். சரியாக வேலை செய்தால் திரையில் பச்சை வரும், இல்லாவிட்டால் சிவப்பு. ஆறும் பச்சை. ஏழாவதுக்கு வந்தார்.

"என்ன குடுக்கலாம்? சொல்லு" என்றார்.

"நாலு, காலி, மூணு."

எழுதினார். நாலும் மூன்றும் திரும்பி வந்தன. பச்சை. நான் சாப்பாட்டு டப்பாவை மூடினேன்.

"இரு. நடுவுல ஒரு பூஜ்யத்தையும் போடுவோம். அதான் நம்ம அறிக்கையில முக்கியமான ஆளு." நாலு, காலி, பூஜ்யம், மூன்று என்று கொடுத்தார். நாலு, பூஜ்யம், மூன்று வர வேண்டும் என்று எழுதினார். ஓட்டினார்.

சிவப்பு.

"உங்க விரல்தான். ரெண்டு எழுத்து சேர்ந்து விழுந்திருக்கும்" என்றேன்.

மாமா திரையில் வந்த விடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு, மூன்று. இவ்வளவுதான் இருந்தது. மறுபடி ஓட்டினார். அதே நாலு, மூன்று.

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அந்தக் கம்ப்யூட்டர் மொழியில், பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் காட்டி "இங்க ஏதாவது இருக்கா?" என்று சுருக்கமாகக் கேட்க ஒரு வழி உண்டு. இருந்தால் வைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் தள்ளிவிடும். மாமா அப்படித்தான் எழுதியிருந்தார். காலியைக் காட்டினால் அது "இல்லை" என்று சொல்லும். பூஜ்யத்தைக் காட்டினாலும் "இல்லை" என்றுதான் சொல்லும். அதற்கு இரண்டும் ஒன்று. எங்களுக்கு அப்படி இல்லை.

"மாமா..." என்றேன். அவர் கை தொப்பியைக் கழற்றியது. நெற்றியில் வியர்வை.

"இன்னைக்குக் காலையில அறிக்கை என்ன?"

"ஒண்ணாவது, ரெண்டாவது அறை பச்சை. மூணாவது அறை மஞ்சள். குறைஞ்சது ஒண்ணு."

"ஒண்ணா? ஒண்ணுக்குக் கீழ இருந்தது எங்க போச்சு?"

அவர் வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டே என் மேசைக்கு வந்தார். குளிர் அறை மெஷின் அனுப்பிய மூலப் பட்டியலைத் திறந்தோம். அதை நான் பதினெட்டு நாளாகத் திறக்கவே இல்லை. மூன்றாவது அறை. இரண்டு, இரண்டு, ஒன்று. அதற்குப் பிறகு பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். பிறகு ஒன்று, இரண்டு. மூன்று மணி நேரம் அந்த அறை உறைநிலையில் இருந்திருக்கிறது. அலாரம் சூடு ஏறினால் மட்டும்தான் அடிக்கும். குளிருக்கு அலாரமே என் அறிக்கைதான்.

"மூணாவது அறைச் சரக்கு எங்க?"

"வேன்ல" என்றேன். "பன்னெண்டே முக்காலுக்கே கிளம்பியாச்சு. பதினாலு பெட்டி."

சுவரில் மணி ஒன்று இருபத்தைந்து. முதல் மருத்துவமனையில் இரண்டரை மணிக்கு ஊசி போட ஆரம்பிப்பார்கள். வேன் அங்கே இரண்டே காலுக்குப் போய்விடும்.

மாமா வேன் டிரைவருக்குப் போன் அடித்தார். ராக்கெட் என்று கூப்பிடுவோம். ஒரு மணி நேர ரோட்டை ஒன்றரை மணி நேரம் ஓட்டுவதால் வந்த பெயர். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"எடுக்க மாட்டான்" என்றார் மாமா. "வண்டி ஓட்டும்போது போனைத் தொட்டா கையை உடைச்சிடுவேன்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

வேனைத் திருப்பச் சொல்ல சைரனால்தான் முடியும். அவரிடம் போனால் ஏன் என்று கேட்பார். டெஸ்ட் செய்யாத கருவியை அனுமதி இல்லாமல் அலுவலகக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டோம் என்று சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் மாமாவின் பையில் இருந்தது. நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, நான் சொல்றதைக் கேளுங்க. மெஷின் லேட்டா அனுப்பிச்சுன்னு சொல்லிடலாம். காலையில அந்த மூணு கட்டமும் காலியா இருந்துச்சு, இப்பத்தான் பூஜ்யம்னு வந்துச்சுன்னு சொல்லலாம். வேனும் திரும்பிடும். கருவியையும் சத்தமில்லாம சரி பண்ணிடலாம். யாருக்குத் தெரியும்?"

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அது எனக்குத் தெரியும். கை ஸ்வெட்டருக்குள் போய்ச் சட்டைப் பையைத் தொட்டுவிட்டு வந்தது.

"இன்னைக்கு சரி. மிச்சம் பதினேழு நாளு?" என்றார்.

அந்தப் பதினேழு நாளின் பட்டியல்களையும் திறந்து பார்க்க வேண்டும். ஏதாவது இருந்தால் மருத்துவமனைகளுக்குச் சொல்ல வேண்டும். அதை மெஷின் மேல் பழி போட்டுச் சொல்ல முடியாது.

சைரன் மேசையில் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தார். மாமா அவர் முன்னால் போய் நின்றார்.

"சார், ஒரு விஷயம். முழுசா கேட்டுட்டு அப்புறம் கத்துங்க. நேரம் இல்ல."

நான்கே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அறிக்கை தப்பு. தப்பு நான் எழுதின கோட்ல. மூணாவது அறை உறைஞ்சிருக்கு. சரக்கு ரோட்டில் இருக்கு.

"அதைக் கம்ப்யூட்டர்ல போட்டது நான், சார்" என்றேன். "மாமா வேண்டாம்னுதான் சொன்னாரு."

சைரன் கத்தவில்லை. பழத்தை மேசையில் வைத்தார். அவர் கத்தாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. "வேனைத் திருப்பு. மத்ததை அப்புறம் பேசலாம்" என்று மெதுவாகச் சொன்னார்.

முதல் மருத்துவமனைக்குப் போன் அடித்தார். லைனில் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி அடித்தார். அதே சத்தம். ஒன்று முப்பத்தைந்து.

மாமா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தூங்குகிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. மனசுக்குள் அந்த ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததாகப் பிறகுதான் சொன்னார். கண்ணைத் திறந்தார். "ரயில்வே கேட் தாண்டியிருப்பான். அடுத்து ஏற்றம். ஏற்றத்துக்கு முன்னாடி வண்டியை ஆறப் போட்டு டீ குடிக்காம அவன் போக மாட்டான்." பர்சிலிருந்து கசங்கிய ஒரு காகிதத்தை எடுத்தார். லாரி ஓட்டிய காலத்தில் குறித்து வைத்த எண்கள். அந்த டீக்கடைக்குப் பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிறவரின் எண் அதில் இருந்தது.

மணி அடித்தது. ஐந்து முறை. ஆறு முறை. போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

"ஹலோ, யாரு?"

"அண்ணே, நான்தான். நீல லாரி. வண்டியைச் சுத்திக்கிட்டே இருப்பேனே."

"அடப்பாவி! உயிரோட இருக்கியா? இடுப்பு எப்படி..."

"அண்ணே, அப்புறம் பேசலாம். டீக்கடையில வெள்ளை வேன் நிக்குதா?"

"நிக்குது. ஆளு டம்ளரை வெச்சுட்டான். ஏறுறான்..."

"நிறுத்துங்க! விடாதீங்க!"

போன் எதன் மீதோ விழுந்தது. ஓடும் சத்தம் கேட்டது. யாரோ கத்தினார்கள். ஒரு இன்ஜின் உறுமியது. பிறகு ஹாரன் அடித்தது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் சைரனின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரும் அதே விளிம்பைத்தான் பிடித்திருந்தார்.

"அண்ணே?" ராக்கெட்டின் குரல். "என்னண்ணே, இந்த ஆளு வீல் ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு வண்டிக்குக் குறுக்க நிக்கிறாரு! நான் எவனோ கொள்ளைக்காரன்னு நெனச்சேன்!"

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். சைரன் போனைப் பிடுங்கி, "திரும்பி வா" என்றார். அப்போதுதான் அவருடைய பழைய குரல் திரும்பியது. அடுத்த பத்து நிமிடம் எங்கள் இரண்டு பேருக்கும் அவர் கொடுத்தது கிடங்கு முழுக்கக் கேட்டது. கடைசியில், "ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் திட்டினேன். வீட்டுக்குப் போய் பிரிச்சுக்கோங்க" என்றார்.

ஆனால் அதோடு முடியவில்லை. பதினேழு நாள் பாக்கி இருந்தது.

மூலப் பட்டியல்களை எல்லாம் அச்சடித்தோம். மாமா எந்தக் கருவியையும் தொடவில்லை. ஸ்கேலை வைத்து வரி வரியாக வாசித்தார். நான் குறித்தேன். எதிரில் உட்கார்ந்து சைரன் இரண்டாவது பிரதியைச் சரிபார்த்தார். ஒரு நாளுக்கு எழுபத்திரண்டு அளவுகள். காலி வந்தால் மாமா "காலி" என்பார். ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்துவார். அந்த நொடியில் என் பேனா காகிதத்தை விட்டு எழுந்துவிடும்.

எட்டு நாள் சுத்தமாக இருந்தது. ஒன்பதாவது நாள், மூன்றாவது அறை.

"பூஜ்யம்" என்றார்.

ஒரே ஒரு பூஜ்யம். காலை ஐந்து மணி. அன்று அந்த அறையிலிருந்து ஒரே ஒரு பெட்டி, ஒரு சின்ன மருத்துவமனைக்குப் போயிருந்தது. மிச்சம் எட்டு நாளும் சுத்தம். எல்லாம் முடிந்தபோது மாலை ஆறு மணி.

சைரன் போனை மாமாவிடம் நீட்டினார். "நீயே பேசு."

மறுமுனையில் ஒரு நர்ஸ். பெட்டி எண்ணைக் கேட்டுக்கொண்டு போனார். பதிவேட்டைப் புரட்டும் சத்தம் எனக்குக் கேட்டது.

"பதினோரு குழந்தைக்குப் போட்டிருக்கோம்" என்றார் நர்ஸ். "மருந்து கெட்டுப்போச்சுன்னு நிச்சயமா தெரியுமா?"

"நிச்சயமா தெரியாது சிஸ்டர். கெடலைன்னும் நிச்சயமா சொல்ல முடியாது."

"அப்ப பதினோரு பேரையும் திரும்பக் கூப்பிட்டுத் திரும்ப ஊசி போடணும். சனிக்கிழமை பத்து மணி. நீங்க அங்க குளுகுளுன்னு உட்கார்ந்துக்கிட்டு தப்பு பண்ணுவீங்க, இங்க அழுகையைக் கேக்குறது நாங்க. முடிஞ்சா நீங்களும் வந்து கேளுங்க."

"வர்றேன் சிஸ்டர்" என்றார் மாமா. நர்ஸ் அதை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். சட்டென்று போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நேர்முகத்துக்கு மாமா போனார். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் போனார். ஏழு நிமிடத்தில் திரும்பி வந்தார். "இந்தத் தடவை வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்று அக்காவிடம் சொன்னார். அவர் சட்டையைக் கழற்றிப் போட்டதும் அக்கா கடிதத்தை எடுத்து அலமாரியில் வைத்தாள். மறுநாள் அது பைக்குள் திரும்பவில்லை.

என் காலை அறிக்கை கம்ப்யூட்டரை விட்டுப் பென்சிலுக்கு மாறியது.

சனிக்கிழமை இரண்டு பேரும் மருத்துவமனைக்குப் போனோம். மாமா பஸ்ஸைச் சுற்றி வந்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மருத்துவமனை நடையில் ஒரு நீள பெஞ்ச். நாங்கள் யார் என்று நர்ஸ் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாக்கள் வந்தார்கள், அப்பாக்கள் வந்தார்கள். "போன வாரம்தானே போட்டாங்க, திரும்ப எதுக்காம்?" என்று ஒருவர் சலித்துக்கொண்டார். "எவனோ எங்கயோ தூங்கியிருப்பான்" என்றார் இன்னொருவர். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் ஒவ்வொரு அழுகையாகக் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு விரலை மடக்கினார்.

பத்து விரலும் மடங்கின. மணி ஒன்று ஆனது. பதினோராவது வரவில்லை.

"அவங்க வீடு மாத்திட்டுப் போயிட்டாங்க" என்றார் நர்ஸ். அவர் குரலில் முந்தைய கோபம் இல்லை. "போன் ஆஃப்ல இருக்கு. பக்கத்து வீட்டுல கேட்டாச்சு, தெரியலையாம்."

"எந்தத் தெரு? பேரு வேண்டாம் சிஸ்டர், தெருவை மட்டும் சொல்லுங்க. என்னைக்குக் காலி பண்ணாங்கன்னு தெரியுமா?"

தெருவையும் கிழமையையும் வாங்கிக்கொண்டார். நேராகச் சரக்கு வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனார். வீட்டுச் சாமான் ஏற்றுகிற ஒவ்வொரு வண்டிக்காரரையும் கேட்டார். திங்கள்கிழமை மாலையும் போனார். கட்டிலும் ஒரு தொட்டிலும் ஏற்றினேன் என்று ஒருவர் சொன்னார். இறக்கிய தெருவையும் சொன்னார். மாமா அங்கே போகவில்லை. நர்ஸுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்.

அந்த மூன்று நாளும் அவர் லேப்டாப்பைத் திறக்கவில்லை. திட்டத்தை ஒப்படைக்க வேண்டிய தேதி தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. "இனிமே எதுக்கு?" என்று கேட்டுவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். அவர் கேட்கவில்லை. போன் மணி அடிக்கும்போதெல்லாம் மட்டும் எழுந்து நின்றார்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு, பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அது அடித்தது.

"பதினொண்ணும் ஆச்சு" என்றார் நர்ஸ். "எல்லாத்தையும்விட இந்தக் குழந்தைதான் ஜாஸ்தி அழுதுச்சு. கேக்குதா?"

கேட்டது. எனக்கே கேட்டது. தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தது.

"கேக்குது சிஸ்டர்" என்றார் மாமா.

போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டை முடித்தார். கையைக் கழுவி, துடைத்து, லேப்டாப்பை இழுத்தார். ஏழாவது கருவியில் அந்த ஒரு வரியை மாற்றினார். "ஏதாவது இருக்கா?" என்று இப்போது அது கேட்கவில்லை. "இது காலியா?" என்று மட்டும் கேட்டது. நாலு, காலி, பூஜ்யம், மூன்று என்று கொடுத்தார். நாலு, பூஜ்யம், மூன்று வந்தது. பச்சை.

நான் மூச்சு விட்டேன். "சரி, எட்டாவதுக்குப் போலாமா?"

"இரு" என்றார். "எல்லாமே பூஜ்யமா இருந்தா என்ன பண்ணும்? எல்லாமே காலியா இருந்தா? பட்டியலே இல்லாம இருந்தா?" விரல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு எழுத்துகளைத் தேடின. "எங்க போகப் போறோம், அவசரப்படாத. இன்னும் ஒரு சுத்து வந்துடுறேன்."